நேர்காணலுக்கு முன் நம் வீட்டில் ஒரு நேர்காணல்

அஸர் தொழுகை முடிந்து மதரஸா முற்றத்தில் அமர்ந்திருந்த ஒரு மாலை நேரம். சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, ஸலாம் கூறி எதிரில் அமர்ந்தான். இப்போது அவன் பி.காம். இறுதியாண்டு மாணவன். நல்ல மதிப்பெண் எடுப்பவன். ஆனால் முகத்தில் வாட்டம் தெரிந்தது.

“கல்லூரிக்கு மூன்று கம்பெனிகள் வந்து போய்விட்டன, ஹஜ்ரத். மூன்றிலும் எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்காணலில்தான் மூன்று முறையும் என் பெயர் வரவில்லை.”

“என்ன கேட்டார்கள் தம்பி?”

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பெயர், ஊர், அத்தாவின் தொழில், படிப்பு எல்லாம் சொன்னேன். வேலை அனுபவம் ஏதாவது உண்டா என்றார்கள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அதிகம் கேட்கவில்லை.”

எனக்கு வியப்பாக இருந்தது. அந்தப் பிள்ளையின் அத்தா எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பிளஸ் டூ படித்த காலத்திலிருந்தே கடையின் இரவுக் கணக்கு இவன் கையில்தான். கடன் வாடிக்கையாளர் நாற்பது பேரின் கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றியவன் இவன். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக்காகக் கொள்முதல் பில்களைத் தொகுத்து ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவனும் இவனே. இத்தனையும் செய்யும் பிள்ளை, “அனுபவம் இல்லை” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்!

“இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“அது வீட்டு வேலைதானே, ஹஜ்ரத்! அதை அங்கே சொல்லலாமா?”

அந்தக் கேள்வி என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. அவனிடம் அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, நாணயம் இருந்தது. இவற்றையெல்லாம் வாய் திறந்து எடுத்துச் சொல்லும் பழக்கம் மட்டும் இல்லை. அந்தப் பழக்கத்தை யாரும் அவனுக்குத் தரவில்லை. “நீ இன்று என்ன செய்தாய்? எப்படிச் செய்தாய்?” என்று வீட்டில் யாரும் அமர்ந்து கேட்டதில்லை. முன்பின் அறியாத ஓர் அதிகாரி முதன்முதலாகக் கேட்டபோது அவன் நாவு எழவில்லை.

காலம் மாறியிருக்கிறது

தமிழக முஸ்லிம்களுக்குக் கல்லூரிப் படிப்பு புதிதன்று. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லும், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் 1951-லும் தொடங்கப்பட்டவை. அவற்றில் தலைமுறை தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். ஆயினும் நம்மில் பலர் வேலை தேடிய வழி வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். செய்தித்தாள் விளம்பரம் பார்த்து மனுப் போட்டோம். வளைகுடாவில் இருந்த மாமாவோ மச்சானோ விசா அனுப்பினால் விமானம் ஏறினோம்.

இன்று நிறுவனங்கள் கல்லூரி வாசலுக்கே வந்து ஆள் எடுக்கின்றன. இதனை வளாகத் தேர்வு என்கிறார்கள். பெரும்பாலும் இறுதியாண்டின் தொடக்கத்திலேயே இது ஆரம்பமாகிவிடுகிறது. ஆகவே, “முதலில் படிப்பு முடியட்டும், பிறகு வேலையைப் பற்றி யோசிக்கலாம்” என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய்ப்பு வந்து போய்விடுகிறது. ஆயத்தம் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

வளாகத் தேர்வு பல படிகளைக் கொண்டது. முதலில் மதிப்பெண் தகுதி. பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை 60 சதவீதம் எதிர்பார்க்கின்றன. தேறாத பாடம் நிலுவையில் இருந்தால் அமர அனுமதிப்பதில்லை. அடுத்தது கம்ப்யூட்டர் வழியே எழுத்துத் தேர்வு. சில இடங்களில் குழு விவாதம். பிறகு பாடம் சார்ந்த நேர்காணல். இறுதியாக மனிதவள அதிகாரியின் நேர்காணல். இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் குடும்பம் செய்யக்கூடிய உதவி உண்டு.

கணக்கும் மொழியும்

எழுத்துத் தேர்வில் வரும் கணக்குகள் பெரும்பாலும் பள்ளிக் கணக்குகளே. சதவீதம், விகிதம், இலாப நஷ்டம், வேலையும் காலமும், வேகமும் தூரமும் ஆகியவைதாம். ஆனால் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே கிடைக்கும். விடை தெரிந்த பிள்ளையும் வேகம் இல்லாமல் தோற்றுப்போவது இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். கடைச் சரக்கு முழுவதையும் எண்ணிச் சரிபார்க்க அத்தாவுக்கு 6 மணி நேரம் ஆகும். மகனுக்கு 12 மணி நேரம் ஆகும். இருவரும் சேர்ந்து எண்ணினால் எத்தனை மணி நேரம்? ஒரு மணி நேரத்தில் அத்தா ஆறில் ஒரு பங்கு முடிப்பார். மகன் பன்னிரண்டில் ஒரு பங்கு முடிப்பான். கூட்டினால் நாலில் ஒரு பங்கு. ஆக, 4 மணி நேரம். இன்னொன்று: 200 ரூபாய்ப் பொருளின் விலையை 20 சதவீதம் உயர்த்தி, பின்னர் 20 சதவீதம் குறைத்தால் என்ன விலை? பழைய விலையே வரும் என்று அவசரத்தில் சொல்லிவிடுவார்கள். 200 உயர்ந்து 240 ஆகும். 240-இல் 20 சதவீதமாகிய 48 குறைந்தால் 192. எட்டு ரூபாய் நஷ்டம்! வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையில் விளையாட்டாகச் சொல்லித் தரக்கூடிய கணக்கு. நாள்தோறும் இருபது நிமிடம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இப்படி இருபது கணக்குகள் போட்டால், ஓராண்டில் கை தானாக ஓடும்.

அடுத்தது ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளை மிகவும் அச்சுறுத்துவது இதுவே. இலக்கணப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் மட்டும் இந்த அச்சம் நீங்காது. நாள்தோறும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு செய்தியை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, படித்ததை ஐந்து வாக்கியங்களில் தன் சொற்களில் சொல்ல வேண்டும். கேட்பதற்கு வீட்டில் ஒருவர் அமர்ந்தால் போதும். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு மனித முகத்தைப் பார்த்துப் பேசும் துணிவுதான் அங்கே கிடைக்கிறது. தவறாகப் பேசினால் சிரிக்காதிருப்பது தம்பி தங்கைகளின் கடமை.

ஒரு பக்க விண்ணப்பம்

பயோடேட்டா என்று நாம் சொன்னதை இன்று ரெஸ்யூம் என்கிறார்கள். புதிதாகப் பட்டம் பெறுபவருக்கு ஒரு பக்கம் போதும். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, படிப்பு, கற்ற திறன்கள், செய்த பணிகள் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரி தம் பெயரிலேயே அமையட்டும். விளையாட்டுப் பெயர்களில் இருப்பது மதிப்பைக் குறைக்கும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் கம்ப்யூட்டர் மென்பொருளே படித்து வடிகட்டுகிறது. ஆகவே அலங்காரக் கட்டங்களும் படங்களும் வேண்டாம். விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறன் தம்மிடம் இருந்தால், அதே சொல்லால் குறிப்பிடுவது நல்லது.

“கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதனால் அதை யாரும் படிப்பதில்லை. “தந்தையின் மளிகைக் கடையில் மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதினேன், 40 கடன் கணக்குகளை எக்ஸெல் பட்டியலுக்கு மாற்றினேன், மாதந்தோறும் ஜி.எஸ்.டி. பில்களைத் தொகுத்தேன்” என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். சொல்லுக்குப் பின்னால் எண்ணும் செயலும் இருக்கின்றன அல்லவா?

அறியாததை அறிந்ததாக ஒருபோதும் எழுதக் கூடாது. எழுதிய ஒவ்வொரு வரியிலிருந்தும் மூன்று கேள்விகள் வரும். முதல் கேள்வியில் தப்பினாலும் மூன்றாவதில் உண்மை வெளிப்பட்டுவிடும். ஒரு வரியில் பொய் என்று தெரிந்தால், மற்ற வரிகளில் உள்ள மெய்யையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

நேர்காணலில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுவே. ஊரும் குடும்பமும் ஏற்கனவே தாளில் இருக்கின்றன. அவர்கள் அறிய விரும்புவது, இந்தப் பிள்ளை ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வான் என்பதைத்தான். அதற்கு நான்கு படிகளில் விடை சொல்லப் பழக்க வேண்டும். சூழல் என்ன? தன் பொறுப்பு என்ன? தான் செய்தது என்ன? அதனால் விளைந்தது என்ன?

அந்தப் பிள்ளையை என் முன்னால் அமர்த்திச் சொல்ல வைத்தேன். முதலில் திணறினான். மூன்றாம் முறை இப்படி வந்தது: “எங்கள் கடையில் கடன் பாக்கி யார் யாருக்கு எவ்வளவு என்பது நோட்டில் சிதறிக் கிடந்தது. கணக்குப் பொறுப்பு என்னுடையது. ஒரு விடுமுறையில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாதம் பிறந்ததும் ஒவ்வொருவருக்கும் பாக்கித் தொகையை எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். இப்போது பாக்கி குறித்துக் கடையில் வாக்குவாதம் வருவதில்லை.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு முழு மனிதன் தெரிந்தான். இதே விடையை ஆங்கிலத்திலும் சொல்லிச் சொல்லிப் பழகுமாறு கூறினேன்.

இப்படி ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று நான்கு நிகழ்ச்சிகள் இருக்கும். கல்லூரி விழாவை நடத்தியது, வெள்ளத்தின்போது உணவுப் பொட்டலம் பகிர்ந்தது, தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, ஒரு பாடத்தில் தவறி மீண்டும் எழுதித் தேறியது என எல்லாமே சொல்லத்தக்கவை. தெரியாத கேள்வி வந்தால், “இது எனக்குத் தெரியாது ஐயா, கற்றுக்கொள்வேன்” என்று பணிவோடு சொல்வதில் இழிவு இல்லை. குழு விவாதத்திலும் உரக்கப் பேசுபவனே வெல்வான் என்று எண்ண வேண்டாம். பிறர் சொன்னதைச் செவிமடுத்து, அதனோடு ஒரு கருத்தைச் சேர்த்து, பேசாதிருப்பவருக்கும் இடம் தருபவனையே கவனிக்கிறார்கள்.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பிறகு பல நேர்காணல்கள் வீடியோ வழியாகவே நடக்கின்றன. அதாவது, நம் வீட்டுக் கூடமே தேர்வு அறையாகிவிட்டது! அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழுமாறு ஜன்னலைப் பார்த்து அமர வையுங்கள். செல்போனைக் கையில் பிடிக்காமல், கண் மட்டத்தில் ஒரு புத்தக அடுக்கின் மீது நிறுத்துங்கள். குழந்தைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். இவை சிறிய காரியங்கள். ஆனால் வீட்டார் மட்டுமே செய்யக்கூடியவை.

பயிற்சி என்னும் பாலம்

படிப்புக்கும் வேலைக்கும் நடுவே இன்டர்ன்ஷிப் என்னும் களப்பயிற்சி ஒரு பாலமாக இருக்கிறது. அதற்குப் பெருநகர நிறுவனமே வேண்டும் என்பதில்லை. வணிகவியல் படிப்பவருக்கு ஊர் ஆடிட்டர் அலுவலகம், வேதியியல் படிப்பவருக்குத் தோல் பதனிடும் ஆலையின் ஆய்வுக்கூடம், கம்ப்யூட்டர் படிப்பவருக்கு மருத்துவமனையின் பதிவுப் பிரிவு என அருகிலேயே இடங்கள் உண்டு. கோடை விடுமுறையில் ஆறு வாரம் கேட்டுப் பெறலாம். என்ன கற்க விரும்புகிறார் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, நேரில் சென்று கொடுக்க வேண்டும். முடிவில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ன பணி செய்தார் என்ற விவரத்தோடு சான்றிதழ் பெற மறக்கக் கூடாது.

அரசின் திட்டங்களையும் அறிந்திருப்பது அவசியம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், பட்டம் பெற்றவர்கள் ஊதியத்துடன் பயிற்சி பெறலாம். தொடக்கத்தில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக இருந்த அந்தச் சட்டத்தில், 1973 திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும், 2014 திருத்தத்தால் கலை, அறிவியல், வணிகப் பட்டதாரிகளும் இடம்பெற்றனர். இது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி. 2019-இல் வந்த விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. தென்மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

தமிழக அரசு 2022 மார்ச் முதல் நாள் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிக் கல்லூரிகளிலேயே திறன் பயிற்சிகளை அளிக்க முற்பட்டது. மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், ஒருமுறை மட்டும் 6,000 ரூபாய் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. வயது வரம்பு 21 முதல் 24 வரை; முழுநேரக் கல்வியில் இருப்போருக்கு இடமில்லை என்பன அப்போதைய விதிகள். விதிகள் அவ்வப்போது மாறும். ஆதலால் விண்ணப்பிக்கும்போது கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் கேட்டுத் தெளிவது நலம்.

பெண் மக்களும் வாய்ப்பும்

நம் பெண் மக்கள் நன்றாகப் படிக்கிறார்கள். பட்டமும் பதக்கமும் பெறுகிறார்கள். பயிற்சி என்று வந்ததும், “அவ்வளவு தூரமா?” என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. அச்சம் இருந்தால் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமலே மறுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. ஒருமுறை உடன் சென்று இடத்தைப் பாருங்கள். வேலை நேரம், போக்குவரத்து, அங்கே பணிபுரியும் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வெளிப்படையாக விடை சொல்லும் இடத்தில் நம்பி அனுப்பலாம்.

கையெழுத்துக்கு முன்

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். ஆண்டுக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று எண்ணி, வீட்டுக் கடனுக்குக்கூடத் திட்டம் போட்டுவிடுகிறோம். அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. நம் பங்கு 1,800. பணிக்கொடைக்கு ஏறத்தாழ 720. ஆண்டிறுதியில் தரும் ஊக்கத்தொகை மொத்தத்தில் பத்துச் சதவீதமானால் மாதத்துக்கு 3,000. இவை போக மாதம் கைக்கு வருவது சுமார் 22,700 தான். காப்பீடும் தொழில் வரியும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். வைப்பு நிதி நம் பணமே என்றாலும், மாதச் செலவுக்கு உதவாது.

ஒப்பந்தக் காலத்தையும் பாருங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்ச ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, “சும்மா ஒரு சம்பிரதாயம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலை தருவதற்கு முன்பணமோ, பயிற்சிக் கட்டணமோ, வைப்புத் தொகையோ கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உண்மையான நிறுவனம் வேலைக்கு எடுப்பவரிடம் பணம் கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரியிடம் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மஹல்லாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்தப் பிள்ளைக்காகத் தொடங்கிய முயற்சி மெல்ல வளர்ந்தது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்று கேட்டேன். மறுக்காமல் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வகுப்பு முடிந்த பிறகு மதரஸாவிலேயே ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு ஒத்திகை நேர்காணல் நடத்தினோம். பள்ளி ஆசிரியை ஒருவர் வந்து பெண் பிள்ளைகளுக்குத் தனியே நடத்திக் கொடுத்தார். செலவு என்று பார்த்தால் தேநீர்ச் செலவுதான். எல்லா ஊரிலும் ஓய்வு பெற்ற அதிகாரி உண்டு. விடுமுறையில் வந்திருக்கும் என்ஜினீயர் உண்டு. கடை நடத்தி ஆள் சேர்த்துப் பழகிய வியாபாரி உண்டு. கேட்பார் இல்லாததால் அவர்கள் சும்மா இருக்கிறார்கள்.

நான்காவதாக வந்த கம்பெனியிலும் அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் இம்முறை வாட்டத்தோடு வரவில்லை. “அரை மணி நேரம் பேசினார்கள், ஹஜ்ரத். கடைக் கணக்கைப் பற்றியே பத்துக் கேள்வி கேட்டார்கள். இரண்டு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை” என்று சொல்லி, அந்த இரண்டையும் நோட்டில் எழுதிக் காட்டினான். தோல்வியிலிருந்து பாடம் எடுக்கத் தெரிந்துவிட்ட பிள்ளையைப் பற்றிப் பிறகு கவலை ஏது? ஐந்தாவதாக வந்த ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அவனுக்கு இடம் கிடைத்தது. அல்ஹம்து லில்லாஹ்!

பெற்றோர்களே! பிள்ளைக்குக் கட்டணம் கட்டினோம், புத்தகம் வாங்கினோம், பஸ் பாஸ் எடுத்தோம். அத்துடன் நம் கடமை முடிந்துவிடவில்லை. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையை எதிரே அமர்த்துங்கள். “உன்னைப் பற்றிச் சொல், கேட்கிறேன்” என்று கேளுங்கள். முதல் நாள் பிள்ளை சிரிக்கும். இரண்டாம் நாள் வெட்கப்படும். மூன்றாம் நாள் பேசத் தொடங்கும், இன்ஷா அல்லாஹ். அது பேசி முடிக்கும்வரை நாம் குறுக்கிடாமல் கேட்போமாக.